வெளி மாநிலத்தில் வாங்கிய டிக்கெட், முடங்கிய லைசென்ஸ்: கார் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும்?

2025 மார்ச் 3, கேள்வி

எடிசனில் இருக்கிறேன், நியூ ஜெர்சி லைசென்ஸ். வட கரோலினாவில் கேரி வரை போய்த் திரும்பும்போது வர்ஜீனியாவில் ஐ-95 சாலையில் பிடித்துவிட்டார்கள். அங்கே எல்லை 70 மைல். நான் வந்தது 92. கையில் கொடுத்த தாளில் ‘ரெக்லெஸ் டிரைவிங்’ என்றும் 46.2-862 என்ற சட்டப்பிரிவு எண்ணும் எழுதியிருக்கிறது. அலுவலக நண்பர்கள், “வெளி மாநில டிக்கெட்டுக்கு நியூ ஜெர்சியில் 2 புள்ளிதான், இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரியவே தெரியாது, ஆன்லைனில் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்” என்கிறார்கள். சரிதானா?

மார்ச் 3, இரவு

இரண்டு புள்ளி என்பது மட்டும் சரி. மற்றவை தவறு.

முதலில் கையில் இருப்பது டிக்கெட் அல்ல என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், தம்பி. வர்ஜீனியாவில் எல்லையைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடுதலாகப் போனாலோ, எல்லை எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ, அது ரெக்லெஸ் டிரைவிங், அதாவது பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றம். 2020 ஜூலைக்கு முன் அந்த 85 என்பது 80 ஆக இருந்தது. நீங்கள் இரண்டு வகையிலும் சிக்கியிருக்கிறீர்கள். அந்த மாநிலச் சட்டப்படி இது முதல் வகுப்புச் சிறுகுற்றம். உச்சபட்சமாக 12 மாதச் சிறை, 2,500 டாலர் அபராதம் வரை விதிக்கலாம். முதல்முறை 92-க்கு யாரையும் உள்ளே போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் வழக்கு குற்றவியல் வழக்குதான். அதனால்தான் ஆன்லைனில் கட்டுவதற்கு வழியே இல்லை. குறிப்பிட்ட தேதியில் நீங்களோ உங்கள் வக்கீலோ அந்த மாவட்ட நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். போகாமல் விட்டால் வருவதுதான் பெரிய ஆபத்து, அதைப் பிறகு எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் ஒரு சிறிய இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் பல ஆண்டுகள் பாலிசி எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தவள். வக்கீல் அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த தாள்களிலிருந்து தெரிந்துகொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 4

நேற்று அவசரமாக முடித்துவிட்டேன். அந்த ‘2 புள்ளி’ விஷயத்தில் நம்மவர்கள் ஏன் திரும்பத் திரும்ப ஏமாறுகிறார்கள் என்றால், புள்ளிக்கணக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். கணக்கு இரண்டு. மாநில மோட்டார் வாகன அலுவலகம் போடும் புள்ளி, உங்கள் லைசென்ஸைப் பிடுங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதற்கு. காப்பீட்டு நிறுவனம் அந்தப் புள்ளியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது ஓட்டுநர் பதிவில் எந்தக் குற்றத்துக்குத் தீர்ப்பு வந்தது என்ற வரியை. அந்த வரியை வைத்துத் தன் சொந்த அட்டவணைப்படி விலை போடுகிறது.

நியூ ஜெர்சி, வெளி மாநிலத்தில் செய்த பெரும்பாலான ஓட்டுநர் குற்றங்களுக்கு, அது எதுவானாலும், 2 புள்ளிதான் போடும். ஆனால் பதிவில் அந்த வரி ‘ரெக்லெஸ் டிரைவிங்’ என்று வந்து விழுந்தால், காப்பீட்டு நிறுவனம் அதைப் பெருங்குற்றப் பட்டியலில் வைக்கும். சாதாரண வேக மீறலை 3 ஆண்டு பார்ப்பவர்கள் பெருங்குற்றத்தை 5 ஆண்டு வரை பின்னோக்கிப் பார்ப்பது சாதாரணம்.

மாநிலத்துக்கு மாநிலம் இது எவ்வளவு மாறுகிறது என்பதற்கு நியூயார்க்கைப் பாருங்கள். நியூயார்க் லைசென்ஸ் வைத்திருப்பவர் வேறு மாநிலத்தில் வேகமாகப் போய்ப் பிடிபட்டால் நியூயார்க் புள்ளி போடுவதில்லை. ஆனால் கனடாவின் ஒண்டாரியோவிலும் கியூபெக்கிலும் பிடிபட்டால் போடும். அடுத்த மாநிலத்துக் குற்றம் கணக்கில் இல்லை, அடுத்த நாட்டுக் குற்றம் கணக்கில் உண்டு. மாசசூசெட்ஸில் இதற்கு நேர் எதிர்; அங்கே காப்பீட்டுக்கென்றே மாநிலம் வகுத்த தனிப் புள்ளித் திட்டம் இருக்கிறது, வெளி மாநிலக் குற்றமும் அதில் ஏறும், சின்ன மீறலுக்கு 2, பெரிய மீறலுக்கு 5, பின்னோக்கிப் பார்ப்பது 6 ஆண்டு.

“இன்ஷூரன்ஸ்காரனுக்குத் தெரியாது” என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பதிவை வாங்கிப் பார்க்க நிறுவனம் பணம் கட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பார்ப்பதில்லை. டிக்கெட் வாங்கிய ஆறு மாதத்தில் பிரீமியம் ஏறவில்லை என்றதும் நண்பர் நிம்மதியாக ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லிவிடுகிறார். அதற்கடுத்த புதுப்பித்தலில் ஏறும்போது அதை யாரிடமும் சொல்வதில்லை.

மார்ச் 6

கேட்டவருக்கு: போலீஸ் வேகம் அளப்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ராடார் டிடெக்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்கிறீர்கள். வர்ஜீனியாவில் அந்தக் கருவியே சட்டவிரோதம். வேகத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று என்று இரண்டு தாளோடு வீடு வந்து சேரலாம்.

மார்ச் 9

ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், மிச்சிகன், டென்னசி, விஸ்கான்சின் ஆகிய 5 மாநிலங்களும், மாநிலங்கள் குற்றத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும் ஓட்டுநர் உரிம ஒப்பந்தத்தில் இல்லை, ஆகவே அங்கே பிடிபட்டால் வீட்டு மாநிலத்துக்குத் தகவல் வராது என்று ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். பட்டியல் சரி, முடிவுதான் தவறு.

அந்த ஒப்பந்தம் 1960-களில் வந்தது. ஓர் ஓட்டுநர், ஒரு லைசென்ஸ், ஒரு பதிவு என்பது அதன் அடிப்படை. அதில் சேராத மாநிலங்களும் தகவல் அனுப்புவது உண்டு. ஒப்பந்தத்தில் சேராததால் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். மாசசூசெட்ஸ் வெளியே இருந்துகொண்டே மற்ற மாநிலக் குற்றத்தை எப்படிக் கணக்கில் எடுக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இதைவிட முக்கியமானது 1977-இல் வந்த இன்னொரு ஒப்பந்தம். டிக்கெட் வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாமல் ஊருக்குத் திரும்பிவிடும் வெளி மாநிலக்காரர்களுக்காகவே செய்யப்பட்டது. அங்கே டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அந்த மாநிலம் உங்கள் வீட்டு மாநிலத்துக்கு எழுதும். வீட்டு மாநிலம் அங்கே தீர்த்துவிட்டு வரும் வரை உங்கள் லைசென்ஸை முடக்கும். அலாஸ்கா, கலிஃபோர்னியா, மிச்சிகன், மொண்டானா, ஓரிகன், விஸ்கான்சின் தவிர மற்ற மாநிலங்கள் இதில் இருக்கின்றன. ஜார்ஜியா முதல் ஒப்பந்தத்தில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. மேலே பட்டியல் போட்டவர் ஜார்ஜியா வழியாக ஃபுளோரிடா போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவை இரண்டும் போதாதென்று நாடு முழுமைக்கும் ஒரு ‘சிக்கல் ஓட்டுநர்’ பதிவேடு இருக்கிறது. 1960-இல் சட்டம் போட்டுத் தொடங்கியது. அதில் உங்கள் குற்ற விவரம் இருக்காது. எந்த மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் முடங்கியிருக்கிறது என்று சுட்டிக்காட்டும் குறிப்பு மட்டும் இருக்கும். புதிய மாநிலத்தில் லைசென்ஸ் கேட்டு நிற்கும்போது கவுண்டரில் இருப்பவர் தட்டிப் பார்ப்பது இதைத்தான்.

மார்ச் 15

கேரியிலிருந்து ஓர் அக்கா எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. அட்லாண்டாவில் இருந்தபோது கணவருக்கு 88 மைலில் டிக்கெட்; அபராதத்தை நீதிமன்றத்தில் ஒழுங்காகக் கட்டி, ரசீதும் வைத்திருக்கிறார்கள். பிறகு வட கரோலினாவுக்குக் குடிபெயர்ந்து லைசென்ஸ் எடுக்கப் போனால், “ஜார்ஜியாவில் உங்கள் லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகியிருக்கிறது” என்கிறார்கள். “பணம் கட்டிய பிறகும் எப்படி?” என்று கேட்கிறார்.

அக்கா, இது ஜார்ஜியாவின் ‘சூப்பர் ஸ்பீடர்’ கட்டணம். 2010 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இருவழிச் சாலையில் 75 மைலும் அதற்கு மேலும், மற்ற எந்தச் சாலையிலும் 85-உம் அதற்கு மேலும் போய்த் தீர்ப்பானால், உள்ளூர் நீதிமன்ற அபராதத்தோடு மாநிலத்துக்கென்று தனியாக 200 டாலர் கட்ட வேண்டும். அதை நீதிமன்றத்தில் வாங்கமாட்டார்கள். தீர்ப்பு மாநில அலுவலகத்துக்குப் போன பிறகு, அங்கிருந்து தனியாக ஒரு கடிதம் வரும். கோப்பில் இருக்கும் முகவரிக்குத்தான் வரும். அந்த இடைவெளியில் வீடு மாறியவர் கையில் நீதிமன்ற ரசீது இருக்கும். கடிதம் பழைய அடுக்குமாடியின் தபால் பெட்டியில் கிடக்கும். கெடு தாண்டினால் லைசென்ஸ் முடங்கும், மீட்க இன்னும் 50 டாலர்.

ஆக மொத்தம் 250 டாலரும் ஒரு தொலைபேசி அழைப்பும்தான் உங்கள் சிக்கலுக்குத் தீர்வு. கட்டியதும் ‘தடையில்லை’ என்று ஜார்ஜியாவிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் மாறிவிடும் என்று சொல்வார்கள். மாறும், ஆனால் வட கரோலினா கவுண்டரில் நீங்கள் நிற்கும் நாளுக்குள் மாறியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மார்ச் 16

அக்காவின் கணவர் அந்த நிலையிலேயே பல மாதம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்று அல்ல. தெரியாமல்.

இந்த இழையில் எல்லோரும் டிக்கெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மேசைக்கு வந்த குடும்பங்களில் உண்மையாகவே துன்பப்பட்டவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர், சஸ்பென்ஷன் வாங்கியவர்கள். அதுவும் குடித்துவிட்டு ஓட்டியதால் முடங்கியவை மிகக் குறைவு. பதில் போடாத கடிதம், கட்டாத கட்டணம், திருப்பிக் கொடுக்காத நம்பர் பிளேட் என்று தாளில் பிறந்து தாளிலேயே வளர்ந்தவைதாம் பெரும்பாலானவை.

காப்பீட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இது. பெரும்பாலான மாநிலங்களில், பாலிசி தொடங்கி 60 நாள் கடந்துவிட்டால், நிறுவனம் நினைத்தபடி நடுவில் ரத்து செய்ய முடியாது. பணம் கட்டாதது, விண்ணப்பத்தில் பொய் சொன்னது போன்ற சில காரணங்களுக்கே அனுமதி. அந்தச் சில காரணங்களில் ஒன்று, பாலிசியில் உள்ள ஓட்டுநரின் லைசென்ஸ் முடங்கியது. டிக்கெட் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் விலை ஏறும். சஸ்பென்ஷன் வந்தாலோ இருக்கிற பாலிசியே நடுவழியில் போகலாம். பாலிசி போனால் காப்பீட்டில் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தவருக்கு அடுத்த நிறுவனம் சொல்லும் விலை வேறு. சில மாநிலங்களில் அந்த இடைவெளியே இன்னொரு சஸ்பென்ஷனுக்குக் காரணம்.

அது எப்படி என்பதற்கு நியூயார்க்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்று முடியவில்லை.

மார்ச் 29

நியூயார்க் கதை. என் தங்கை குடும்பம் குயின்ஸிலிருந்து டல்லாஸுக்குப் போனது. டெக்சஸில் புதிய பாலிசி எடுத்ததும், இரண்டு இடத்தில் எதற்குப் பணம் என்று நியூயார்க் பாலிசியை மாப்பிள்ளை ரத்து செய்யப் பார்த்தார். தங்கை எனக்கு ஒரு வார்த்தை சொன்னதால் தப்பித்தார்கள்.

நியூயார்க்கில் வரிசை மாறக்கூடாது: முதலில் நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிறகுதான் பாலிசியை நிறுத்த வேண்டும். பிளேட் உங்கள் பெயரில் இருக்கும் வரை நியூயார்க் காப்பீடு இருந்தாக வேண்டும். காரை விற்றுவிட்டாலும், அது டல்லாஸில் டெக்சஸ் பாலிசியோடு நின்றாலும் அந்த மாநிலத்துக்கு அக்கறை இல்லை. பாலிசி நின்ற தகவலை நிறுவனம் மின்னணு வழியில் அனுப்பிவிடும். அன்றிலிருந்து முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர், அடுத்த 30 நாளுக்கு 10, அதற்கடுத்த 30 நாளுக்கு 12 என்று கணக்கு ஓடும். கூட்டிப் பார்த்தால் 900 டாலர். 90 நாளைத் தாண்டினால் பணம் கட்டித் தீர்க்கும் வழியும் மூடிவிடும். வண்டிப் பதிவோடு லைசென்ஸும் முடங்கும். டெக்சஸில் புது லைசென்ஸ் எடுக்க உங்களுக்கு இருப்பது 90 நாள் அவகாசம். இரண்டு 90-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு பிளேட்டையும் திருகு கழற்றி, பி.டி.-7 என்ற படிவத்தோடு குமிழ்த்தாள் உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பினார். சில வாரத்தில் எஃப்.எஸ்.-6டி என்று அச்சிட்ட ரசீது வந்தது. அதை அவர் இன்னும் கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறார். அதன்பிறகே பழைய பாலிசியை நிறுத்தினார்கள். ரசீதில் இருக்கும் தேதிக்கு முன் நிறுத்தாதீர்கள்.

ஏப்ரல் 2

கேமரா டிக்கெட்டும் பதிவில் ஏறுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நியூயார்க், மேரிலாண்ட் போன்ற இடங்களில் அது வண்டி உரிமையாளருக்கான அபராதம் மட்டும், புள்ளி கிடையாது, பதிவிலும் வராது. கலிஃபோர்னியாவில் சிவப்பு விளக்குக் கேமராவில் சிக்கினால் புள்ளி வரலாம். ஆகவே ‘கேமரா என்றால் கவலை இல்லை’ என்று நாடு முழுக்கப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நியூயார்க்கில் எல்லையை 21 மைலும் அதற்கு மேலும் தாண்டினால் அங்கே குறைந்தது 6 புள்ளி. 6 புள்ளியைத் தொட்டவரிடம் நியூயார்க் தனியாக ஒரு கட்டணம் வசூலிக்கும், ஆண்டுக்கு 100 டாலர் வீதம் 3 ஆண்டு. வெளி மாநில லைசென்ஸ்காரரும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நியூயார்க்கில் கார் ஓட்டும் உரிமை முடங்கும். நியூ ஜெர்சி பதிவில் 2 புள்ளி மட்டும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் கடிதத்தை விளம்பரம் என்று தூக்கிப் போடுபவர்களை நான் அறிவேன்.

ஏப்ரல் 20

நம் பெயர்களைப் பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது. இது நம்மவர்களுக்கே உரிய தலைவலி.

பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். ஒரு மாநிலத்தில் ‘எஃப்.என்.யு. முருகன்’ என்று லைசென்ஸ் வாங்கியவர், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அப்பா பெயரையும் சேர்த்த பிறகு அடுத்த மாநிலத்தில் ‘முருகன் சுப்ரமணியன்’ ஆகிறார். முதல் மாநிலத்துக் கோப்பு பழைய பெயரில் கிடக்கிறது. சிலர் இதை அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். பிறந்த தேதியும் மற்ற விவரங்களும் ஒத்துப்போனால் தேசியப் பதிவேடு இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும். அதன் மறுபக்கம் இன்னும் கொடுமை: பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கும் வேறொருவரின் முடங்கிய லைசென்ஸ் உங்கள் தலையில் வந்து விழலாம். ‘அது நான் அல்ல’ என்பதை அந்த மாநிலத்திடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு வர வேண்டியது உங்கள் பொறுப்பு.

காப்பீட்டு நிறுவனம் பதிவைத் தேடுவது பெரும்பாலும் லைசென்ஸ் எண்ணைக் கொண்டு. புது மாநிலத்தில் எண் புதிது, ஆகவே எல்லாம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். விண்ணப்பத்தில் முந்தைய மாநிலமும் முந்தைய எண்ணும் கேட்பார்கள், இரண்டு பதிவையும் வரவழைப்பார்கள். மாநிலம் மாறப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் பழைய மாநிலத்தில் தங்கள் ஓட்டுநர் பதிவின் நகலைத் தாங்களே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. பத்துப் பதினைந்து டாலருக்குள் முடிகிற வேலை.

மே 11

எடிசன் தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். வக்கீல் வைத்தார். வக்கீல் சொல்லி, வேகமானியைச் சோதிக்கும் பட்டறையில் காரை உருளைகளின் மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்து, காட்டும் வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சான்றிதழாக எழுதி வாங்கிப் போனார். நியூ ஜெர்சியிலிருந்து வாங்கிய குறையில்லாத ஓட்டுநர் பதிவையும் நீட்டினார்கள். நீதிபதி ரெக்லெஸை எடுத்துவிட்டு வெறும் வேக மீறலாகக் குறைத்தார்.

வர்ஜீனியா நீதிமன்றங்களில் இந்தச் சான்றிதழ் நன்றாகவே எடுபடும். மூன்று மைல் வித்தியாசம் கிடைத்தாலே 92 என்பது 89 ஆகி, எல்லைக்கு மேல் 20-க்குக் கீழே வந்துவிடுகிறது. 85 என்ற கோடு அப்போதும் தாண்டித்தான் இருக்கிறது, ஆனால் நீதிபதிக்கு இறங்கி வர ஓர் இடம் கிடைக்கிறது.

வக்கீலுக்குக் கொடுத்த பணம் அபராதத்தைவிடப் பல மடங்கு, வீணோ என்று கேட்கிறார். நியூ ஜெர்சியில் இரண்டுக்கும் அதே 2 புள்ளிதானே என்பது அவர் வாதம். இதை நான் ஒரு வாரம் யோசித்தேன், ஏனெனில் எல்லோருக்கும் வக்கீல் வேண்டும் என்று சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. 10 மைல் கூடுதலுக்கு வக்கீல் வைப்பது பணத்தை எறிவது. இவர் விஷயத்தில் வீண் இல்லை. பதிவில் விழும் வரி மாறியிருக்கிறது. காப்பீட்டில் பெருங்குற்றம் சிறுமீறல் ஆகியிருக்கிறது. வர்ஜீனியாவின் சொந்தப் பதிவில் ரெக்லெஸ் 11 ஆண்டு இருக்கும். இன்னொன்று, நம்மில் பலர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். ரெக்லெஸில் தீர்ப்பு வந்தால் அது குற்றத் தீர்ப்பு. விசா முத்திரைக்காகச் சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போகும் முன் நிரப்பும் டி.எஸ்.-160 படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வேண்டி வரும். விசா கிடைக்காது என்பதல்ல. விளக்கமும் தீர்ப்பு நகலும் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்க வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் கதையே வேறு. தீர்ப்புக்குக் காத்திருக்காமல், கைதை வைத்தே விசாவை ரத்து செய்யும் நடைமுறை 2015-இலிருந்து இருக்கிறது.

ஜூன் 8

‘எஸ்.ஆர்.-22 இன்ஷூரன்ஸ் எங்கே மலிவாகக் கிடைக்கும்?’ என்று கேட்கிறவருக்கு.

அப்படி ஓர் இன்ஷூரன்ஸ் கிடையாது. எஸ்.ஆர்.-22 என்பது, இவருக்குக் குறைந்தபட்சக் காப்பீடு இருக்கிறது என்று உங்கள் நிறுவனம் மாநிலத்துக்கு அனுப்பும் உறுதிச் சான்று. அனுப்பும் கட்டணம் பெரிதல்ல, 25 டாலர் அளவில் முடியும். விலை ஏறுவது அந்தச் சான்றால் அல்ல, அதை வாங்க வைத்த குற்றத்தால். பல மாநிலங்களில் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். டெக்சஸில் தீர்ப்பு நாளிலிருந்து 2 ஆண்டு. தவணை தவறிப் பாலிசி நின்றால் நிறுவனம் உடனே எஸ்.ஆர்.-26 என்று இன்னொரு தாளை அனுப்பும். லைசென்ஸ் மறுபடியும் முடங்கும். சில இடங்களில் ஆண்டுக்கணக்கு முதலிலிருந்து ஓடும். இந்தக் காலத்தில் தானாகப் பணம் பிடிக்கும் வங்கிக் கணக்கில் இருப்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாநிலம் மாறினால்தான் இது சிடுக்காகும். எஸ்.ஆர்.-22 கேட்டது நீங்கள் முன்பு இருந்த மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பென்சில்வேனியாவுக்குப் போய்விட்டீர்கள். பென்சில்வேனியாவில் அந்த வழக்கமே இல்லை. நியூயார்க், மின்னசோட்டா, வட கரோலினா போன்றவற்றிலும் இல்லை. ஆனால் பழைய மாநிலத்துக்கு நீங்கள் கொடுத்த கடப்பாடு முடியவில்லை. பெரும்பாலும் காலம் முடியும் வரை அந்த மாநிலத்துக்குச் சான்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே முடங்கும், அந்த முடக்கம் தேசியப் பதிவேட்டின் வழியாகப் புது மாநிலத்துக்கும் வந்து சேரும். இரண்டு மாநிலத்திலும் தொழில் செய்து, வெளி மாநிலத்துக்குச் சான்று அனுப்பச் சம்மதிக்கிற நிறுவனமாகத் தேட வேண்டும். எல்லா நிறுவனமும் சம்மதிக்காது.

கார் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. சொந்த வண்டி இல்லாத ஓட்டுநருக்கான பாலிசி என்று ஒன்று உண்டு. அதன் மேல் எஸ்.ஆர்.-22 அனுப்பலாம். லைசென்ஸ் முடங்கியதும் காரை விற்றுவிட்டு, காப்பீட்டையும் கைவிட்டு, ஓராண்டு கழித்து வெறுங்கையோடு வருகிறவரைவிட, இந்தச் சின்னப் பாலிசியை விடாமல் வைத்திருந்தவருக்குப் பிறகு கிடைக்கும் விலை நன்றாக இருக்கும்.

ஜூன் 10

சேர்க்க விட்டது: ஃபுளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும், குடித்துவிட்டு ஓட்டியவர்களுக்கு எஸ்.ஆர்.-22 போதாது, எஃப்.ஆர்.-44 கேட்பார்கள். அதில் காப்பீட்டுத் தொகையே அதிகம். ஃபுளோரிடாவில் ஒருவர் காயத்துக்கு 1,00,000, விபத்துக்கு 3,00,000, சொத்துச் சேதத்துக்கு 50,000 டாலர். வர்ஜீனியாவில் சாதாரணக் குறைந்தபட்சத்தின் இரு மடங்கு. இங்கே சான்றுக்கல்ல, அதிகத் தொகைக்கே விலை ஏறுகிறது. நேற்று முன்தினம் எழுதிய பொது விதி இந்த இரண்டு மாநிலத்துக்கும் அப்படியே பொருந்தாது.

ஆகஸ்ட் 17

டொராண்டோ அண்ணனுக்கு: பஃபலோவில் வாங்கிய டிக்கெட் ஸ்கார்பரோவுக்கு வருமா என்றால், வரும். ஒண்டாரியோவுக்கு நியூயார்க்கோடும் மிச்சிகனோடும் பரஸ்பர ஏற்பாடு இருக்கிறது; அங்கே தீர்ப்பானால் ஒண்டாரியோவில் புள்ளி ஏறும். புள்ளி 2 ஆண்டில் போய்விடும் என்று நிம்மதி அடைய வேண்டாம். அங்கேயும் காப்பீட்டு நிறுவனம் பார்ப்பது புள்ளியை அல்ல, தீர்ப்பை, அதுவும் வழக்கமாக 3 ஆண்டு. கோடை விடுமுறையில் நயாகரா தாண்டி நியூ ஜெர்சிக் கலியாணத்துக்கு வருகிறவர்கள் கொஞ்சம் மெதுவாக வாருங்கள், தாலி கட்டுவதற்குள் வந்துவிடலாம்.

அக்டோபர் 5

கடைசியாக வந்த கேள்விதான் எனக்குப் பிடித்தது. தொலைபேசியில் ஒரு நிறுவனம் மலிவாக விலை சொன்னதாம், பணம் கட்டிய பிறகு “உங்கள் பதிவைப் பார்த்தோம்” என்று ஏற்றிவிட்டார்களாம், இது மோசடி இல்லையா என்று ஒருவர் கொதிக்கிறார்.

மோசடி இல்லை. தொலைபேசியில் சொன்னது நீங்கள் சொன்னதை நம்பிச் சொன்ன விலை. பதிவு வந்ததும் பாலிசியின் முகப்புத் தாளில் உங்கள் பெயருக்குக் கீழே மீறல் என்று ஒரு வரி ஏறியிருக்கும், அதற்குப் பக்கத்தில் தேதி இருக்கும். அந்தத் தேதியை முதலில் பாருங்கள். மீறல் நடந்த நாளா, தீர்ப்பு வந்த நாளா, அல்லது வீட்டு மாநிலம் பதிவு செய்த நாளா? வெளி மாநில டிக்கெட்டில் இந்த மூன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். மூன்று ஆண்டு எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதிவை வைத்து விலை ஏற்றினால், எந்த அறிக்கையைப் பார்த்தார்கள் என்று உங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. தவறு இருந்தால் அறிக்கை கொடுத்த நிறுவனத்திடம் திருத்தக் கேட்கலாம். விபத்து, இழப்பீடு பற்றிய ‘க்ளூ’ அறிக்கையை லெக்சிஸ்நெக்சிஸிடம் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக வாங்கலாம். அதில் 7 ஆண்டுக் கதை இருக்கும்.

விண்ணப்பத்தில் ‘லைசென்ஸ் எப்போதாவது சஸ்பெண்ட் ஆனதா?’ என்ற கேள்விக்கு, தாளால் வந்த சஸ்பென்ஷன்தானே என்று ‘இல்லை’ போடாதீர்கள். ‘ஆம், கட்டணம் கட்டாததால், இந்தத் தேதியில் நீங்கியது’ என்று எழுதினால், அதற்கு ஏறும் விலையோடு போகும். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியையே ஆதியிலிருந்து செல்லாது என்று சொல்ல வழி திறக்கிறது, அதுவும் பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் தோண்டுவார்கள்.

எல்லா நிறுவனமும் கைவிரித்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யாரும் ஏற்காத ஓட்டுநருக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஏற்பாடு உண்டு. நீங்கள் இருக்கும் டெக்சஸில் அதன் பெயர் ‘டைப்பா’. இரண்டு நிறுவனமாவது மறுத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மறுத்ததை எழுத்தில் வாங்கி வையுங்கள். உரிமம் பெற்ற எந்த ஏஜெண்டும் அதற்கு விண்ணப்பிக்கலாம். விலை கசக்கும், குறைந்தபட்சக் காப்பீடுதான் கிடைக்கும், உங்கள் காரின் சேதத்துக்கு அதில் எதுவும் வராது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியே விலை கேட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய மீறலின் வரி கணக்கிலிருந்து நீங்கிய மாதத்திலேயே வெளியேறிவிடலாம்.